நான் அழித்த நூற்று நாற்பது மாப்பிள்ளைகள்

உங்கள் மேனேஜர் போன் பண்ணி, "சார், புதுசா சேர்ந்திருக்கிற பசங்களுக்கு உங்க சாதனைகளை எழுதிக் கொடுங்க" என்றார். சாதனையாவது, மண்ணாவது. முப்பது வருடம் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பார்த்தவனுக்கு முதுகுவலிதான் மிச்சம். ஃப்ளாப்பி போடும் வாயிலிருந்து ஆயுத பூஜைக் குங்குமத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறேன். ஒரு வீட்டில் சுண்டல்கூட வந்தது. அதையெல்லாம் சாதனை என்று எழுதினால் சிரிப்பீர்கள். அதனால் நான் பண்ணிய ஒரு மடத்தனத்தை எழுதுகிறேன். உங்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ, கார்த்திகை மாதக் கடைசி வாரம். தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் சர்வீஸ் சென்டர். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து புகார் வந்தது. கம்ப்யூட்டரில் இடமே இல்லை, எதைத் திறந்தாலும் உறைந்து நிற்கிறது என்றார்கள். எங்களில் இரண்டு பேர் ஏற்கெனவே போய்ப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு வந்திருந்தார்கள். "சுத்தமா ஒண்ணுமே இல்ல, ஆனா டிஸ்க் ஃபுல்லுங்குது. பேய் கீய் இருக்கும்பா" என்றான் ஒருவன். மூன்றாவதாக நான் போனேன்.

வியாழக்கிழமை காலை. மாமிதான் கதவைத் திறந்தார். வீட்டுக்காரர் ராமசேஷன் சார் கபாலி கோயிலுக்குப் போயிருந்தார். அரசாங்க அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரே பெண் வைதேகி, அடையாறில் ஒரு கம்பெனியில் வேலை, காலையிலேயே கிளம்பிவிடுவாள். இதையெல்லாம் மாமி காபி ஆற்றிக்கொண்டே சொன்னார். "ஏதோ நெறஞ்சு போச்சாம். நீங்களாவது காலி பண்ணிக் கொடுங்கோ, காலங்காத்தால அஞ்சு மணிக்கெல்லாம் அது முன்னாடி உக்காந்துண்டு புலம்பறார்" என்றார்.

பேயை நான் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். நாம் பார்க்கிற ஒவ்வொரு இணையப் பக்கத்தையும் பிரவுசர் ஒரு நகல் எடுத்துத் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்கும். தற்காலிகக் கோப்பு என்று பெயர், ஆனால் அது தானாகப் போகாது. அந்த ஃபோல்டர் கண்ணுக்கும் தெரியாது. மறைந்தவற்றையும் காட்டு என்று ஓர் இடத்தில் டிக் அடித்தால்தான் தலைகாட்டும். டிக் அடித்தேன். அப்பப்பா! ஆயிரக்கணக்கில் கோப்புகள், டிஸ்க்கில் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எனக்கு முன்னால் வந்த இரண்டு பேருக்கும் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது என்ற குஷியில், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. ஒட்டுமொத்தமாக அழித்தேன். குப்பைத்தொட்டிக்குப் போனதையும் விடாமல் காலி பண்ணினேன். மாமியைக் கூப்பிட்டு, "பாருங்க, எவ்ளோ இடம்" என்று காட்டினேன். "பேஷ்" என்று இன்னொரு காபி கொடுத்தார். எனக்கு அப்போது தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் அலுவலகத்தில் போன் எடுக்கிற கஜா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"நைனா, இன்னாபா பண்ணிட்டு வந்த நேத்து? அந்த ராஜா அண்ணாமலைபுரம் பெருசு லைன்ல கீது. மாப்ளைங்கள காணோம்னு கத்திக்கினு கீது."

"எந்த மாப்பிள்ளை?"

"ஒருத்தன் இல்ல நைனா. நூத்தி நாப்பது பேராம். நீதான் இட்டுக்கினு பூட்டியாம்."

வாங்கிக் காதில் வைத்தேன். ராமசேஷன் சார்தான். "இன்ஜினியர் சார், எங்காத்து மாப்பிள்ளைகளெல்லாம் எங்கே போனா? நாலு மாசமா சேர்த்து வச்சிருந்தேன். ஒருத்தர்கூட இல்லையே!"

விஷயம் இதுதான். அந்தக் காலத்து இன்டர்நெட் போன் லைனில்தான் வரும். இன்டர்நெட் ஓடினால் வீட்டுப் போன் எங்கேஜ்டு. ராமசேஷன் சாரோ குடியிருப்புச் சங்கச் செயலாளர். பம்பு ஓடவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது என்று நாள் முழுக்க அவருக்குப் போன் வரும். போனை மறித்து வைத்தால் மாமியின் தங்கை வேறு சண்டைக்கு வருவாள். அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு இணைப்புப் போட்டு, ஒரு வரன் தளத்திலிருந்து பையன்களின் பக்கங்களைப் படிக்காமலே சரசரவென்று திறந்துகொண்டே போவார். பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஆஃப்லைனில் அதே பக்கங்களை மறுபடி திறந்து, நாள் முழுக்க நிதானமாகப் படிப்பார். இணைப்பே இல்லாமல் பக்கம் வருகிறதென்றால் அது தன் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆபீஸ் அலமாரியில் ஃபைல் இருக்கிற மாதிரி. அப்படித்தான் அவர் நம்பினார். நான் பேய் என்று ஓட்டியது அவருடைய அலமாரியை.

"சார், கம்ப்யூட்டரைத் தொடாதீங்க. ஸ்விட்ச் ஆஃப் பண்ணுங்க. நான் இப்பவே வரேன்" என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்தேன்.

இதை மட்டும் மறக்காதீர்கள். அழித்த கோப்பு உடனே போய்விடாது. வீடு காலி என்று போர்டு மாட்டியிருக்கும், பழைய குடித்தனக்காரர் உள்ளேதான் இருப்பார். புதிதாக யாராவது சாமான் இறக்கினால்தான் அவருக்கு ஆபத்து. ஆகவே தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தால் முதல் வேலை, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது. அதுதான் நமக்கு வராது. ராமசேஷன் சாருக்கும் வரவில்லை. நான் நந்தனம் சிக்னலில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் அவர், "ஒருவேளை இருக்குமோ" என்று மூன்று முறை பிரவுசரைத் திறந்து மூடியிருக்கிறார்.

போய் நின்றதும் முதல் கேள்வி கேட்டார். "யார்ட்ட கையெழுத்து வாங்கினேள்?"

"எதுக்கு சார்?"

"ஃபைலை அழிக்கறதுக்கு. முப்பத்திநாலு வருஷம் ரெக்கார்ட்ஸ்ல இருந்தவன் நான். எலி கடிச்ச காயிதத்தை அழிக்கறதுன்னாகூட மூணு கையெழுத்து வேணும். நீங்க என் பொண்ணோட கல்யாணத்தையே அழிச்சிருக்கேள், ஒரு கையெழுத்து இல்லாம."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பு கிடையாது. கேட்டிருக்க வேண்டும். மாமியிடமாவது, "இதெல்லாம் என்ன மாமி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நூற்று நாற்பது பேரை வடிகட்டி, ஒருவனை முதல் ரேங்க் என்று முடிவு செய்திருந்தார். ஜாதகமும் பொருந்திவிட்டது. அந்தப் பையனின் பெயர், நட்சத்திரம், ராசி, கோத்திரம் எல்லாம் ஒரு நோட்டில் மணிமணியான கையெழுத்தில் இருந்தன. போன் நம்பர் மட்டும் இல்லை. "அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே, எதுக்கு எழுதணும்னு விட்டுட்டேன்" என்றார். அன்று காலை தளத்துக்குள் மறுபடி போய்த் தேடியும் பார்த்திருக்கிறார். மற்றவர்களெல்லாம் அங்கே இருக்கிறார்கள். அந்த ஒரு பையனின் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை மார்கழி பிறக்கிறது. மார்கழியில் பெண் பார்க்க வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வரச்சொல்ல வேண்டுமென்றால், வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் போன் பண்ணியாக வேண்டும். "சாயங்காலம் ஆறரைக்குள்ள நம்பர் கிடைக்கலைன்னா, ரெண்டாவது ரேங்க் நங்கநல்லூர் பையனைக் கூப்பிட்டுடுவேன். அவன் நம்பர் இருக்கு" என்றார். பொருத்தம் பார்த்த நாளிலிருந்து ஜோசியர் அவசரப்படுத்துகிறாராம்.

அப்போதுதான் வைதேகியைப் பார்த்தேன். அப்பா சொல்லி ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நங்கநல்லூர் என்றதும் அந்தப் பெண் வெளிறிப்போனது. என்மேல்தான் கோபம் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஃப்ளாப்பியில் கொண்டுபோயிருந்த மீட்புப் புரோகிராமை ஓடவிட்டேன். கோப்புகள் ஒவ்வொன்றாக எழுந்துவந்தன. ஆனால் பெயர்கள் சிதைந்து வந்தன. அதைவிடக் கொடுமை, பிரவுசர் படங்களை ஒரு கோப்பாகவும் எழுத்தை ஒரு கோப்பாகவும் பிரித்து வைத்திருக்கும். எது எதோடு சேர்ந்தது என்று சொல்லும் குறிப்பு அழிந்துவிட்டது. ஒரு பக்கம் முகங்கள், ஒரு பக்கம் ஜாதகங்கள்.

மாமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இந்தப் புள்ளையாண்டான் சார்ட்டட் அக்கவுண்டன்ட்டா இருப்பான். பாருங்கோ, சிரிக்கவே இல்லை."

"அவன் கால்நடை டாக்டர்டி."

"கால்நடை டாக்டர் எங்கேயாவது இப்படித் தலை வாரிப்பானா?"

முதல் ரேங்க்கின் எழுத்துப் பக்கம் வரவே இல்லை. மூன்று முறை பிரவுசரைத் திறந்ததில் அதன்மேல் வேறு ஏதோ ஏறியிருக்க வேண்டும். படம் மட்டும் பாதி வந்தது. நெற்றி, கண்ணாடி, மூக்கு. அதற்குக் கீழே சாம்பல் நிறம். "மீசை உண்டா இல்லையா, அது தெரியாம நான் எப்படிச் சொல்லுவேன் இவன்தான்னு" என்று மாமி ஆதங்கப்பட்டார்.

மணி ஐந்தரை. பாக்கி இருந்த கோப்புகளை வேகமாகத் திறந்துகொண்டே போனேன். சார் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் திறந்தது. அது வரன் பக்கமே இல்லை. மெயில். ஆங்கிலத்தில் இருந்தது. எழுதியவன் பெயர் முரளி. அதாவது நோட்டில் இருந்த முதல் ரேங்க்! 'அன்புள்ள வைதேகி, உன் அப்பாவின் பட்டியலில் நான் இப்போது எத்தனையாவது ரேங்க்?' என்று ஆரம்பித்தது.

பிள்ளைகளே, அந்த ஒரு விநாடிக்கு எந்தப் பயிற்சியிலும் பாடம் கிடையாது. கை தானாகப் போய் மானிட்டரை அணைத்தது.

"என்னாச்சு?" என்றார் சார், கண்ணாடியை மாட்டிக்கொண்டே.

"சூடாயிடுச்சு சார். பத்து நிமிஷம் ஆறணும். காத்து பட்டா நல்லது."

பாவம், நல்ல மனிதர். படுக்கையறையில் இருந்த டேபிள் ஃபேனைக் கொண்டுவரப் போனார். மாமி விளக்குக்குத் திரி போடப் போனார். வைதேகி ஓடிவந்து என் பக்கத்தில் நின்றாள்.

"பாத்துட்டேளா?"

"ஒரு வரிதான்மா. மேல படிக்கல."

மூச்சுவிடாமல் சொன்னாள். அப்பா காலையில் பக்கங்களைத் திறந்து வைத்துவிட்டு, இணைப்பைத் துண்டிக்காமலே குளிக்கப் போவார். அந்தக் கால் மணி நேரத்தில் இவள் உட்காருவாள். ஒரு நாள் அந்தப் பையனின் பக்கத்தைப் படித்தாள், பிடித்துப்போயிற்று, மெயில் போட்டாள். கோட்டூர்புரத்தில் நண்பர்களோடு தங்கியிருக்கிறான். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு, ஆபீஸ் விட்டதும், அடையாறு பி.சி.ஓ. டெலிபோன் பூத் ஒன்றிலிருந்து பேசுவாள். இவள் கிடைத்த பிறகு வேறு யாரும் கேட்டு வரக்கூடாது என்று அவன் தன் பக்கத்தை அந்தத் தளத்திலிருந்து எடுத்துவிட்டான்.

"அப்பாவே அவனைத்தான் முதல்ல வச்சிருக்காரே, சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா அவ்வளவுதான். தானே தேடிக் கண்டுபிடிச்ச மாப்பிள்ளைன்னா தலைமேல வச்சுண்டு கூத்தாடுவார். நான் கண்டுபிடிச்சேன்னா, அதே பையனைக் காதல் கல்யாணம்னு சொல்லி வேண்டாம்பார். என் அத்தை பொண்ணுக்கு அப்படித்தான் ஆச்சு, ஆறு வருஷமா பேச்சுவார்த்தையே இல்லை." கண் கலங்கிவிட்டது. "அந்த நங்கநல்லூர்க்காரரைக் கூப்பிட்டுட்டா எல்லாம் முடிஞ்சது சார். ஏதாவது பண்ணுங்கோ."

பஸ் டிக்கெட்டின் பின்னால் ஏழு எண்களைக் கிறுக்கி என் கையில் திணித்தாள். நோட்டைப் பார்க்காமல், யோசிக்காமல் எழுதினாள். "அப்புறம், அந்த லெட்டரையெல்லாம் அழிச்சிடுங்கோ."

நான் சர்வீஸ் ரிப்போர்ட்டை நீட்டினேன். "கையெழுத்துப் போடும்மா" என்றேன். முறைத்தாள். ஆனாலும் போட்டாள். காலையில் அவள் அப்பாவிடம் வாங்கியதை நான் அவ்வளவு சீக்கிரம் மறந்துவிடுவேனா?

பொய் சொல்லலாமா என்று கேட்பீர்கள். அவள் கடிதங்கள் அவளுடையவை. அவை சாரின் கண்ணில் பட்டிருந்தால் அது என் கையால் நடந்ததாக இருக்கும். நேற்று ஒருத்தர் சொத்தைக் கேட்காமல் அழித்தேன், இன்று இன்னொருத்தர் சொத்தைக் கேட்காமல் காட்டுவதா? அது எனக்கு ஒப்பவில்லை. நம்பர் விஷயம் வேறு, அது சுத்தப் பொய்தான். அதைச் சரி என்று சொல்லமாட்டேன். எனக்கு வேறு வழி தோன்றவில்லை, அவ்வளவுதான். கடிதங்களை அழித்துவிட்டு, ஒரு வெற்றுக் கோப்பில் பெயரையும் நம்பரையும் அடித்து, அழகுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் கிறுக்கு எழுத்துகளைத் தூவினேன்.

சார் ஃபேனோடு வந்தார். மானிட்டரைப் போட்டேன். "சார், ஒரு துண்டு கிடைச்சிருக்கு."

மூக்கு திரையில் படுமளவுக்குக் குனிந்து பார்த்தார். ஆவணப் பிரிவு ஆசாமி லேசில் விடுவாரா? "எல்லாம் சிதைஞ்சிருக்கு. நம்பர் மட்டும் ஒரு இலக்கம்கூடக் குறையாம வந்திருக்கே."

"நம்ம அதிர்ஷ்டம் சார்."

"பகவான் செயல்" என்றார். நான் ஃபேனை மானிட்டர் பக்கம் திருப்பி வைத்தேன்.

மாமி விளக்கேற்றினார். மணி ஆறு முப்பத்தைந்து. சார் நெற்றியில் புதிதாக விபூதி இட்டுக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தார். எல்லாரும் கேட்கட்டும் என்று புதுப் போனின் ஸ்பீக்கர் பட்டனை அமுக்கினார். ஓரத்தில் என்னையும் உட்காரவைத்துவிட்டார். "கண்டுபிடிச்சவர் இருக்கணும்" என்றார். வைதேகி கையால் ஏதோ சைகை காட்டினாள். எனக்குப் புரியவில்லை. மணி என்ன ஆகிறது என்பது எனக்கு உறைப்பதற்குள் அந்தப் பக்கம் போனை எடுத்துவிட்டார்கள். முழுசாக ஒரு மணிகூட அடிக்கவில்லை.

"ஏன் இவ்ளோ லேட்டு இன்னிக்கு? பி.சி.ஓ.ல கூட்டமா? இல்ல, உங்கப்பா இன்னும் கம்ப்யூட்டரை விட்டு எழுந்துக்கலையா?" என்றது கூடம் முழுக்கக் கேட்கும்படி ஓர் உற்சாகமான குரல்.

சார் திரும்பி முதலில் என்னைப் பார்த்தார். "இதையும் நீங்கதான் ரெக்கவர் பண்ணினேளா?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு பெண்ணைப் பார்த்தார். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவர் முகத்தில் கோபம் வந்தது, போனது, மறுபடி வந்தது. எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

"எழுந்துட்டேன்" என்றார் போனிடம். "அப்பாதான் பேசறேன். லைன்லயே இருங்கோ."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உடையும் சத்தம் கேட்டது.

"நாலு மாசம்" என்றார் வைதேகியிடம். "நாலு மாசம் கண்ணு நோக நூத்தி நாப்பது பேரைப் படிச்சேன்டி உனக்காக. நீ எத்தனை பேரைப் படிச்சே?"

"ஒருத்தரைத்தான்பா."

அவர் நோட்டை எடுத்து, முதல் ரேங்க் பக்கத்தைத் திறந்து, தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமிதான் வாயைத் திறந்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே விடைதானே வந்திருக்கு. அப்புறம் என்ன? அந்தப் புள்ளை பாவம், லைன்ல நின்னுண்டு இருக்கான்."

சார் ஒரு பெருமூச்சு விட்டார். நோட்டை மூடினார். போன் பக்கம் குனிந்தார்.

"ஞாயித்துக்கிழமை காத்தால பத்து மணிக்கு வாங்கோ. அப்பா அம்மாவையும் அழைச்சுண்டு வாங்கோ. ராஜா அண்ணாமலைபுரம். வீட்டுக்கு வழி தெரியுமோ, சொல்லட்டுமா?"

"தெரியும் சார்" என்றது அந்தக் குரல், பட்டென்று.

சார் போனை வைத்தார். மெதுவாக மாமியின் பக்கம் திரும்பினார்.

"வழியும் தெரியுமாம்" என்றார்.